தன் கதவைத் தான் தூக்கக் கூடாது

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தெருக்காரர்கள் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் மனிதர்கள். மற்ற நாளெல்லாம் கல்.

நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதுதான், அடிக்க மாட்டேன். நான் நலம். வெல்டிங் பொறி பட்ட கண் ஆறிவிட்டது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு வழக்கமான பதில் வேண்டாம்.

நம் தெரு முனை வீட்டு லாரிக்காரர் ஐஸ் ஏற்றிக்கொண்டு இங்கே துறைமுகத்துக்கு வந்திருந்தார். கப்பல் பட்டறை வாசலில் என்னைப் பார்த்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். அப்போதே சந்தேகப்பட்டேன். அந்த மனுஷன் யாருக்கும் டீ வாங்கித் தந்து நான் பார்த்ததில்லை. "உங்க அக்காகிட்ட யாரும் பேசறதில்ல தம்பி" என்றார். "குழாயடிக்கு அவங்க வந்தா கூட்டம் கலையுது. கடைக்காரன் சாமானக் கையில தராம பலகையில வைக்கிறான்." ஏன் என்று கேட்டேன். "அதை அவங்ககிட்டயே கேளு" என்று லாரியில் ஏறிவிட்டார். டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

கேட்கிறேன். ஏன்?

ஜூன் வந்தால் வீட்டுக் கதவையெல்லாம் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்து ஒரே மேசையாகப் போட்டு, தெருவே ஒரு குடும்பம் என்று தொண்டை அடைக்கப் பேசுகிறவர்கள்தானே இவர்கள்? அந்த மேசையில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்ற வாய்கள்தானே?

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கண்ணைப் பார்த்துக்கொள். கண்ணாடி போடாமல் வேலை செய்யாதே, உன் வீரத்தைப் பார்க்க அங்கே பெண் வீட்டார் யாரும் வரவில்லை.

லாரிக்காரருக்கு அவர் லாரியைவிட வாய் நீளம். குழாயடியில் கூட்டம் கலைவதெல்லாம் ஒன்றுமில்லை. நான் இப்போது வெயில் ஏறிய பிறகுதான் போகிறேன். அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். வரிசையில் நிற்க வேண்டாம், வசதி.

மாமா நலம். கொஞ்சம் இருமல். ஐஸ் பிளான்ட்டில் வேலை அதிகம். முடி வெட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை, காதை மூடிக்கொண்டு தொங்குகிறது. பார்த்தால் சிரிப்பாய்.

கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன். மேல் கீல் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. கதவு நாளுக்கு இன்னும் நாளிருக்கிறது, பார்க்கலாம்.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்றுமில்லை என்று ஒரு பக்கம் எழுத உன்னால்தான் முடியும்.

மாமாவுக்கு முடி வெட்ட நேரமில்லையா? உன் வீட்டுக்கு வலது பக்கத்து வீடே முடி திருத்துகிறவர் வீடு. வாசலில் நின்று தும்மினால் பாதி முடி அவர் கடையில் விழும். நேரமில்லை என்று யாரிடம் சொல்கிறாய்?

இங்கே வந்துவிடு. மாமாவுக்கு இங்கே ஒரு வேலை கிடைக்காமலா போகும்? என் அறையில் இருவருக்கு இடமில்லை, மூவருக்கு நெருக்கிக்கொள்ளலாம்.

கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். உன் கல்யாணம் முடிந்து நான் உன்னோடு அந்தத் தெருவுக்கு வந்த முதல் வருஷம். கதவு நாளன்று தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி நின்று பார்த்தேன். பச்சை, நீலம், சிவப்பு, வெறும் மரம் என்று கதவுகள் தெருவின் வளைவோடு வளைந்து போயின. முனை எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு வீடும் வாயைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே கிடந்த கட்டில், மூலையில் குவித்த அழுக்குத் துணி, சுவரில் ஒட்டிய படம், எதையும் யாரும் மறைக்கவில்லை. மனிதர்களால் இப்படியும் முடியுமா என்று எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. பேச்சு வரவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அன்றைக்குத்தான் மாமாவோடு பிளான்ட்டில் வேலை செய்யும், உன் இடது பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் எனக்கு அந்த விதியைச் சொன்னார். நான் நம் கதவில் கை வைத்தேன், கையில் ஓர் அடி. "தன் கதவத் தான் தூக்கக் கூடாதுடா. உங்க கதவ நான் தூக்குவேன். உங்க மாமா முடிவெட்டுறவர் கதவத் தூக்குவாரு. அவரு அதுக்கடுத்த கதவு. இப்படியே போயி, கடைசி வீட்டுக்காரன் வந்து முதல் வீட்டுக் கதவத் தூக்குவான். ஒருத்தன் வரலன்னா ஊர்வலம் நொண்டும்." சொல்லிவிட்டு நம் கதவை ஒற்றை ஆளாகத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டே போனார்.

அவரைக் கேட்டதாகச் சொல். யார் பேசாவிட்டாலும் அவர் பேசுவார்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

குழாய்க்காரரைக் கேட்டதாகச் சொல்ல முடியவில்லை. அவர் இல்லை. நவம்பரில் பிளான்ட்டில் அம்மோனியா வால்வு உடைந்தது. மூடப் போனார். திரும்பி வரவில்லை. அவர் மனைவி அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

மாமா நலம். நீ நலமாக இரு.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

நவம்பரில் செத்தவரைப் பற்றி ஏப்ரலில் எழுதுகிறாய். நடுவில் எனக்கு எழுதிய கடிதங்களில் கீலுக்கு எண்ணெய் போட்டதுவரை இருக்கிறது.

அந்த மனுஷன் எனக்கு முதல் முதலாக ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அது உனக்குத் தெரியும்.

இப்போது நேராகக் கேட்கிறேன். மாமா அந்த ஐஸ் பிளான்ட்டில் ஃபோர்மேன். வால்வு உடைந்தது அவர் ஷிஃப்டிலா? குழாய்க்காரர் செத்ததற்கும் உன் கையில் சாமானைத் தராததற்கும் என்ன சம்பந்தம்? நீ எழுதாவிட்டால் லீவு போட்டுவிட்டு நானே வந்து குழாயடியில் நின்று கேட்பேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ வந்து குழாயடியில் நிற்க வேண்டாம். எழுதுகிறேன்.

மாமா ஷிஃப்ட்தான். பிளான்ட்டில் வாயு மாஸ்க் இல்லை. பழையது கிழிந்து தூக்கிப் போட்டு வெகுநாளாகிறது. புதிது கேட்டுக் கேட்டு மாமாவுக்கே வாய் வலித்துவிட்டது. அன்று வால்வு உடைந்ததும் குழாய்க்காரர் ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினார். மாமா கத்தினாராம், நில்லு என்று. உள்ளே இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவர் வால்வை மூடியதால்தான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முன் மேனேஜர் மாமாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசினார். விசாரணையில் மாமா சொன்னார்: "மாஸ்க் கொடுத்தேன் சார். அவர்தான் போடல."

அவ்வளவுதான். குழாய்க்காரர் தன் கவனக்குறைவால் செத்தார் என்று முடித்துவிட்டார்கள். அவர் மனைவிக்கு ஒன்றும் கிடையாது என்று ஆகிவிட்டது.

மாமா அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்டால் வேலை போயிருக்கும், வீடு போயிருக்கும் என்பார். அதுவும் பொய்யில்லை.

ஜூனில் கதவு நாள். எங்கள் கதவைத் தூக்க வேண்டியது இடது பக்கத்து வீடு. அதாவது அவள். வர மாட்டாள். வரவும் கூடாது, நான் அவள் இடத்தில் இருந்தால் வரமாட்டேன். கதவு தூக்கப்படாத வீடு என்று ஒன்று முன்பு இருந்ததாம். அந்தக் குடும்பம் அந்த வருஷமே காலி செய்துவிட்டுப் போய்விட்டதாம். யாரும் போகச் சொல்லவில்லையாம். எங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாமா, "நானே கழட்டிக் கொண்டுபோய் வைக்கிறேன், யார் என்ன கேட்டுடுவாங்க" என்கிறார். தன் கதவைத் தான் தூக்கக் கூடாது என்றேன்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதப் பொய் வரவில்லை.

தெருவைத் திட்டியதை நான் திருப்பி வாங்கிக்கொள்ளப் போவதில்லை. மாமாவையும் சேர்த்துக்கொள்கிறேன். அந்த விசாரணைக்குத் தெருவிலிருந்து எத்தனை பேர் போனார்கள்? லாரிக்காரர், மூட்டைக்காரர், எல்லாரும் அங்கேதானே வேலை செய்கிறார்கள். மாஸ்க் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? "நான் பார்க்கல சார்" என்றுதானே சொல்லியிருப்பார்கள்? மாமா வாயைத் திறந்து பொய் சொன்னார். அவர்கள் வாயை மூடிப் பொய் சொன்னார்கள். இப்போது மொத்தப் பாவத்தையும் மாமா தலையில் ஏற்றிவிட்டு, நீ போகிற குழாயடியில் யோக்கியர்களாக நிற்கிறார்கள். மேனேஜர் வீட்டுக் குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறது, கவனித்தாயா? அவனை யாரும் ஒதுக்கவில்லை.

கதவு நாளன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு. அல்லது முந்தின நாளே புறப்பட்டு வா. அவமானப்பட உனக்கு என்ன தலையெழுத்து?

தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நேற்றுக் கதவு நாள்.

காலையிலேயே மேல்முனையில் தொடங்கிவிட்டது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம், நீ சொன்ன மாதிரி. ஆனால் சத்தத்தைச் சாத்த முடியவில்லை. கீல் கிரீச்சிடும், "மெல்ல, மெல்ல, நிலையில இடிக்குது" என்று ஒருவர், சிரிப்பு, பிறகு அடுத்த வீடு. அந்தச் சத்தம் வீடு வீடாக எங்களை நோக்கி வந்தது. மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், பல் பிடுங்கக் காத்திருப்பவர் மாதிரி. இடது பக்கத்து வீட்டுக் கதவும் கழன்றது. அதன்பின் சத்தம் நின்றுவிட்டது.

"அவ்வளவுதாங்க. உள்ளறைக்கு வாங்க" என்றேன்.

அப்போது கதவு தட்டும் சத்தம். கதவைத் தூக்க வருகிறவர்கள் தட்டுவதில்லை. அவள் தட்டினாள்.

திறந்தேன். ஒற்றை ஆளாக நின்றாள். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது, பாதியாகிவிட்டாள். "கதவத் தூக்கத்தான் வந்தேன் அண்ணி" என்றாள். "அண்ணனத் தூக்கிவிட வரல."

நான் நகர்ந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

கதவை அணைத்துப் பிடித்து மேலே தூக்கினாள். கீழ்க் கீல் கழன்றது. மேல் கீல் வரவில்லை. இன்னொரு தரம் உந்தினாள். அதுவும் கழன்றது, கதவு அப்படியே சரிந்து அவள் தோளில் விழுந்தது. முட்டி மடங்கியது. மாமா பாய்ந்து வந்து கை நீட்டினார்.

"தொடாதீங்க. உங்க கதவு" என்றாள்.

தம்பி, அந்த நேரத்தை உனக்கு எப்படி எழுதுவது? எங்கள் கதவின் பாரம் முழுக்க அவள் தோளில். நானும் மாமாவும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில். தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்கிறது. எங்களை ஒதுக்க வேண்டும் என்றால் அவளை அப்படியே விட வேண்டும். அவளைத் தாங்க வேண்டும் என்றால் எங்கள் கதவைத் தொட வேண்டும். யாரும் யோசித்து வைத்த விதி இல்லை இது. ஆனால் அது வந்து எல்லார் கழுத்திலும் கை வைத்தது.

முதலில் மூட்டைக்காரர் வந்தார். ஒரு முனையில் தோள் கொடுத்தார். பிறகு லாரிக்காரர். பிறகு தையல்காரம்மா, கையில் ஊசி குத்திய துணியோடு. அதன்பின் யார் யார் என்று தெரியவில்லை. கதவே தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. விசாரணையில் "நான் பார்க்கல" என்று சொன்ன ஒவ்வொருவர் கையும் அதில் இருந்தது. கண்ணெல்லாம் தரையில், கையெல்லாம் மேலே.

"இது கதவா, கல்யாண மேடையா? இத்தனை பேரு எதுக்குய்யா" என்று யாரோ சிரித்தார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு தோளில் ஏறிய கதவோடு நடக்கத் தொடங்கினார்கள், அப்போது சிரிப்பு நின்றது. நவம்பரில் இதே ஆட்கள் இதே தெருவில் இன்னொன்றைச் சுமந்து போனார்கள். எல்லாருக்கும் ஒரே நொடியில் அது உறைத்திருக்க வேண்டும். யாரும் சொல்லாமலே கால்கள் ஒன்றாயின. அவள் முன்னால் நடந்தாள். கதவு நாளில் இவ்வளவு அமைதியை இந்தத் தெரு கேட்டதில்லை. நான் அழவில்லை. அழுகை அதற்குப் போதாது.

அடுத்து முடி திருத்துகிறவர் கதவு. அதை மாமா தூக்க வேண்டும். மாமா அவர் வாசலில் போய் நின்றார், உள்ளே போகத் தைரியமில்லாமல். முடி திருத்துகிறவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தூக்கும், தூக்கித் தொலையும்" என்றார். "ஆனா நாளைக்குக் காலைல கடைக்கு வந்துடும். இந்தத் தலையோட என் கதவத் தொட்டா என் தொழிலுக்கு என்ன மரியாதை?"

மாமா தூக்கினார். ஊர்வலம் தெருக்கோடிவரை போய், மேல்முனைக்குத் திரும்பி வந்து முடிந்தது.

மேசையில் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சாப்பாடு பரிமாறி முடிந்ததும் மாமாவைப் பார்த்துச் சொன்னாள்: "மறுவிசாரணை கேட்டிருக்கேன் அண்ணே. ஆகஸ்ட்ல வைக்கிறாங்க. வந்து உள்ளதச் சொல்லுங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் கதவு கதவாக அது மேசையோடு ஓடியது. இரண்டு பக்கமும் மெல்லுகிற வாய்கள் நின்றன. மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். கப்பலின் அடிப்பாகத்தைக் கிரேன் தூக்குவதை இங்கே தினமும் பார்க்கிறேன். ஊரே வாய் பிளந்து பார்க்கும். நேற்று எனக்கு அது பொம்மைக் கடை மாதிரி இருந்தது. கணவனைச் சாகவிட்டு, செத்தபின் பழியும் போட்ட ஆளின் கதவுக்குத் தோள் கொடுக்க ஒரு பெண் வந்தாள். அதை எந்த இரும்பும் தூக்காது.

தெருக்காரர்கள் ஒரே நாள் மனிதர்கள் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டேன். ஆனால் அவள் வந்தது மன்னிக்க அல்ல. விதியைத் தன் பக்கம் முடித்துவிட்டு, உன் பக்கத்தை உன்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மாமா என்ன சொல்கிறார்? அதை மட்டும் எழுது. மழுப்பாதே.

தம்பி


ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மழுப்பவில்லை.

கதவு நாள் முடிந்த வாரமே கம்பெனி மாமாவுக்கு மாற்றல் கொடுத்துவிட்டது. தூரத்தில் அவர்களுக்கு இன்னொரு பிளான்ட் இருக்கிறது. பெரிய பதவியாம். பெட்டி கட்டச் சொன்னார். அவருடையதை மட்டும் கட்டினேன். "நீ?" என்றார். "என் கதவு இங்கேதான் இருக்கு" என்றேன். ஏதோ சொல்ல வந்தார், வண்டி வந்துவிட்டது.

நான் தையல்காரம்மாவிடம் வேலைக்குப் போகிறேன். பட்டன் கட்டுகிறேன், காஜா எடுக்கிறேன். குழாயடிக்குக் காலையிலேயே போகிறேன். கூட்டம் கலைவதில்லை. பேச்சும் பெரிதாக இல்லை. குழாய்க்காரர் மனைவி என் குடத்துக்கு முன்னால் தன் குடத்தை வைக்கிறாள், அவ்வளவுதான்.

லாரிக்காரரும் மூட்டைக்காரரும் மாஸ்க் இல்லை என்று சொல்வதாக அவளிடம் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அவர்கள் வெளி முற்றத்தில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் பேச்சு எடுபடாது என்கிறார்களாம். கொடுத்தேன் என்று சொன்னவர் வாயால் கொடுக்கவில்லை என்று வர வேண்டும்.

மாமாவுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் உனக்கு எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 30

என்னங்க,

நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். முன்பு எழுதியவற்றுக்கு நீங்கள் பதில் போடவில்லை. முகவரி சரிதான், உங்கள் பிளான்ட் வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குப் போயிருந்தேன். தெருவே வந்திருந்தது. முடி திருத்துகிறவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். உட்கார இடமில்லாமல் படிக்கட்டுவரை நின்றார்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள், அவளைத் தவிர. அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்கள். உங்கள் மனைவி என்றேன். "நீங்க சொல்ல முடியாது, அவர்தான் வரணும்" என்றார்கள்.

செப்டம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் தள்ள மாட்டார்களாம்.

வேலை போகும். போகட்டும். இரண்டு பேர் சாப்பிட என் ஊசி போதும். தெரு என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். நான் உங்களிடம் இத்தனை வருஷத்தில் எதையும் இப்படிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

வாருங்கள். வந்து, கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள். எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.